பழைய கணினிகளைக் கைமாற்றும் முன் ஹார்ட் டிஸ்க்கை முழுவதுமாக அழிப்பது எப்படி?

செம்பூர் கணக்கர்:

வணக்கம். மும்பை செம்பூரில் வருமான வரி, ஜிஎஸ்டி கணக்குகளைக் கவனிக்கும் சிறிய அலுவலகம் எங்களுடையது. புதிய கணினிகள் வந்துவிட்டதால், பழையவற்றைத் தாராவியில் 90 அடிச் சாலைக்கு அருகே பள்ளி மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஒருவருக்குக் கொடுத்துவிடத் தீர்மானித்திருக்கிறோம். எல்லாமே இன்டெல் ஆறாம் தலைமுறைச் செயலி கொண்டவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தச் செயலிகளை முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே லினக்ஸ் நிறுவித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

என் கவலையெல்லாம் உள்ளே இருப்பவற்றைப் பற்றியது. வாடிக்கையாளர்களின் பான் அட்டை, ஆதார் நகல்கள், படிவம் 16, வங்கி அறிக்கைகள், டேலி கணக்கு மென்பொருளின் கோப்புகள் என்று பல ஆண்டுச் சரக்கு அவற்றில் கிடக்கிறது. மேசைக் கணினிகளில் பெரும்பாலும் 1 டிபி சுழலும் ஹார்ட் டிஸ்க். சிலவற்றில் பிற்பாடு மாற்றிய சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் நினைவகச் சில்லுகளில் சேமிப்பது). ஒரு மடிக்கணினியில் என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி வகை. புதிய இயங்குதளத்தை நிறுவும்போது வரும் திரையிலேயே பழைய பார்ட்டிஷன்களை (டிஸ்க்கின் பிரிவுகளை) நீக்கிவிட்டு ஃபார்மட் செய்தால் போதாதா? ஒருவர் 35 முறை அழித்தால்தான் ஆகும் என்கிறார். இன்னொருவர் சுத்தியலால் அடித்து உடையுங்கள் என்கிறார். நியாயமான வழி எது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

டோம்பிவிலி ரயில்:

விண்டோஸ் அமைப்புகளுக்குள் போய், கணினியை மீட்டமைக்கும் இடத்தில் எல்லாவற்றையும் நீக்கும்படி சொடுக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடலாம். இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது?

லேமிங்டன் பட்டறை:

யோசிக்க நிறைய இருக்கிறது, நண்பரே. லேமிங்டன் சாலையில் பழுதுபார்ப்பதோடு தரவு மீட்பு வேலையும் செய்கிறேன். ஃபார்மட் செய்தாகிவிட்டது என்று நம்பி விற்கப்பட்ட டிஸ்க்குகளிலிருந்து கல்யாணப் புகைப்படங்கள் முதல் கடன் விண்ணப்பங்கள் வரை எழுந்து வருவது எங்கள் தொழிலில் எவருக்கும் வியப்பளிப்பதில்லை.

ஒரு கோப்பை நீக்கும்போது விண்டோஸ் அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடுவதே இல்லை. என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பில் கோப்புகளின் பெயர், அளவு, அவை டிஸ்க்கில் இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்து வைத்திருக்கும் அட்டவணையில், இந்த வரிசை இனி காலி என்று ஒரு குறி மட்டும் போடுகிறது. விரைவு ஃபார்மட் அந்த அட்டவணையைப் புதிதாக எழுதுகிறது. பார்ட்டிஷனை நீக்குவது அதைவிடவும் சிறிய காரியம்: டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள சில செக்டார்கள் (தரவைப் பதியும் சிறு துண்டுகள்) மாறுகின்றன, அவ்வளவுதான். புதிய இயங்குதளம் 20 ஜிபி இடத்தை எடுத்துக்கொண்டால் அந்த 20 ஜிபியில் இருந்தவை போகும். மீதமுள்ள 900 ஜிபிக்கு மேல் அப்படியே கிடக்கும்.

அட்டவணை இல்லாமல் கோப்பை எப்படி எடுப்பார்கள் என்று கேட்கலாம். ஃபோட்டோரெக் என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது. அது அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. டிஸ்க்கை முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டே போகிறது. எந்த இடத்தில் சதவீதக் குறியும் அதையடுத்துப் பி, டி, எஃப் என்ற எழுத்துகளும் தென்படுகின்றனவோ அங்கே ஒரு பிடிஎஃப் தொடங்குகிறது என்று கொண்டு அதை வெட்டி எடுத்து வைக்கிறது. ஜேபெக் படங்களுக்கும் அவ்வாறே தனி முத்திரை உண்டு. கோப்பின் பெயர் போயிருக்கும். ஆனால் படிவம் 16-ஐத் திறந்தால் பெயரும் பான் எண்ணும் அதற்குள்ளேயே இருக்கின்றன. இந்த வேலைக்குப் பெரிய ஆய்வகம் எதுவும் தேவையில்லை. ஒரு கல்லூரி மாணவர் மடிக்கணினியை வைத்துக்கொண்டு செய்துவிடுவார்.

டோம்பிவிலி நண்பர் சொன்ன மீட்டமைப்பில் தரவைத் துடைப்பதற்குத் தனியாக ஒரு பொத்தான் உள்ளது. இயல்பாக அது அணைந்தே இருக்கும். அமைப்புகளை மாற்று என்பதற்குள் போனால்தான் கண்ணில் படும். அதை இயக்கினால் வேலை ஓரளவு நடக்கும். ஆனால் அது வீட்டுப் பயனாளர்களுக்கானது என்றும், அரசு மற்றும் தொழில்துறைத் தர வரையறைகளை நிறைவு செய்யாது என்றும் மைக்ரோசாஃப்ட்டே கூறுகிறது. வாடிக்கையாளர்களின் ஆவணங்களை வைத்திருப்பவர் அதை நம்பி நிற்பது சரியல்ல.

பவாய் பிட் நோக்கி:

பட்டறைக்காரர் சொன்னது சரி. 35 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்த எண்ணால் பலருடைய இரவுகள் வீணாகின்றன.

1996-இல் பீட்டர் குட்மன் என்ற ஆய்வாளர் எழுதிய கட்டுரையில்தான் 35 சுற்றுகள் கொண்ட மேலெழுதும் வரிசை வந்தது. அக்காலத்து டிஸ்க்குகள் பிட்டுகளைக் காந்தப் பதிவாக மாற்றுவதற்குப் பல்வேறு குறியீட்டு முறைகளைக் கையாண்டன. கையில் இருக்கும் டிஸ்க் எந்த முறையைச் சேர்ந்தது என்று தெரியாதபோதும் பயன்பட வேண்டும் என்பதற்காக எல்லா முறைகளுக்கும் உரிய வடிவங்களை அவர் ஒரே பட்டியலில் சேர்த்தார். எந்த ஒரு டிஸ்க்குக்கும் அந்த 35-உம் ஒருசேரத் தேவைப்பட்டதில்லை. இன்றைய டிஸ்க்குக்கு அந்த முழு வரிசையை ஓட்டுவதில் பொருளில்லை என்று அவரே பிற்சேர்க்கையில் எழுதியிருக்கிறார். ஆனாலும் அழிப்பு நிரல்கள் பலவற்றில் 'குட்மன்' என்ற தேர்வு இன்னும் இருப்பதால், அதிக எண் அதிகப் பாதுகாப்பு என்று மக்கள் எண்ணிக்கொள்கிறார்கள்.

அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2014 டிசம்பரில் வெளியிட்ட 800-88 வழிகாட்டியின் முதல் திருத்தப் பதிப்பு, சுழலும் டிஸ்க்கில் ஒருமுறை பூஜ்யங்களை மேலெழுதினாலே, உயர்தர ஆய்வக உத்திகளைக் கொண்டும் தரவை மீட்பது பொதுவாகத் தடைபடுகிறது என்று கூறுகிறது. ஆகவே சுழலும் டிஸ்க்குக்கு ஒரே ஒரு சுற்று போதும். அது முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை போக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நேரக் கணக்கையும் பாருங்கள்: நொடிக்குச் சராசரியாக 100 எம்பி எழுதும் டிஸ்க்கில் 1 டிபியை நிரப்ப ஏறத்தாழ 2 மணி 45 நிமிடங்கள் ஆகும். 35 சுற்று என்றால் நான்கு நாள் ஓட வேண்டும்.

செம்பூர் கணக்கர்:

மிக்க நன்றி. அந்த ஒரு சுற்றை எப்படிச் செய்வது? விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கையே விண்டோஸைக் கொண்டு அழிக்க முடியாதல்லவா?

லேமிங்டன் பட்டறை:

முடியாது. பென் டிரைவ் போன்ற வெளிச் சாதனத்திலிருந்து கணினியைத் தொடங்க (பூட் செய்ய) வேண்டும். உங்களிடம் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவ் இருந்தால் அதிலிருந்தே செய்யலாம். மொழி கேட்கும் முதல் திரையில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு எஃப்10-ஐ அழுத்தினால் கறுப்புக் கட்டளைச் சாளரம் திறக்கும். டிஸ்க்பார்ட் என்று தட்டுங்கள். பிறகு லிஸ்ட் டிஸ்க் என்று கொடுத்தால் இணைந்துள்ள டிஸ்க்குகள் எண்ணும் அளவுமாக வரிசையாகத் தெரியும். இந்த இடத்தில் அவசரம் கூடாது. காப்பு எடுத்து வைத்த வெளி டிஸ்க்கும் 1 டிபியாக இருந்தால் இரண்டு வரிசைகளும் ஒன்றுபோலவே தெரியும். அழிக்க வேண்டிய டிஸ்க்கையும் பென் டிரைவையும் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் நான் இந்த வேலையில் கை வைப்பேன்.

சரியான எண்ணை செலக்ட் டிஸ்க் என்ற கட்டளையால் தேர்ந்தெடுத்த பின் கிளீன் ஆல் என்று தட்ட வேண்டும். வெறும் கிளீன் என்று தட்டினால் பார்ட்டிஷன் விவரம் மட்டுமே போகும்; ஒரு நொடியில் முடிந்துவிடுவதால் பலர் அதையே முழு அழிப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். ஆல் சேர்ந்தால்தான் ஒவ்வொரு செக்டாரிலும் பூஜ்யம் எழுதப்படும். எவ்வளவு முடிந்தது என்று அது காட்டாது. துடிக்கும் கோடு ஒன்று மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். தொங்கிவிட்டது என்று எண்ணி மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

முன்னேற்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்க விரும்பினால் ஷ்ரெட்ஓஎஸ் என்பதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதனுள் என்வைப் என்ற நிரல் இருக்கிறது. டிஸ்க்கின் மாடல், வரிசை எண், வெப்பநிலை, மீதி நேரம் எல்லாவற்றையும் காட்டும். எழுதி முடித்த பின் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் வசதியும் அதில் உண்டு. முன்பு எல்லோரும் பயன்படுத்திய டிபான் என்ற அழிப்பு நிரல் இப்போது பழையதாகிவிட்டது. எஸ்எஸ்டிக்கு அது உதவவும் உதவாது.

விண்டோஸிலேயே இரண்டாவது டிஸ்க்காக இணைத்து அழிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: விஸ்டா முதற்கொண்டு வந்த பதிப்புகளில், விரைவு என்ற குறியை எடுத்துவிட்டுச் செய்யும் முழு ஃபார்மட்டும் பூஜ்யங்களை எழுதுகிறது. எக்ஸ்பியில் அது பழுதான செக்டார்களைத் தேடியதோடு சரி. இருந்தாலும் ஃபார்மட் அந்த ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டுமே செல்லும். மறைந்திருக்கும் மீட்புப் பார்ட்டிஷன் அதில் அடங்காது.

முலுண்ட் தணிக்கை:

அழிக்கும் முறையைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியதைச் செம்பூர் ஐயாவுக்கு யாரும் நினைவூட்டவில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் அதற்கும் மேலாகும். ஆகவே டேலியில் ஒவ்வொரு நிறுவனத்தின் தரவையும் காப்பு எடுத்து, அந்தக் காப்பை வேறொரு கணினியில் ஏற்றி, ஏதேனும் ஓராண்டின் இருப்புநிலைக் குறிப்பைத் திறந்து பார்த்த பிறகே பழைய டிஸ்க்கைத் தொட வேண்டும். காப்புக் கோப்பு இருக்கிறது என்பது வேறு, அது திறக்கிறது என்பது வேறு.

டேலி உரிமத்தை அந்தக் கணினியிலிருந்து சரண்டர் செய்வதையும் (திருப்பி ஒப்படைப்பதையும்) மறந்துவிடாதீர்கள். அதைச் செய்யாமல் டிஸ்க்கை அழித்தால், புதிய கணினியில் உரிமத்தைச் செயல்படுத்தும்போது தொல்லைப்பட வேண்டியிருக்கும். உலாவியில் சேமித்த வருமான வரித் தளக் கடவுச்சொற்களையும் முன்னதாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தின் பக்கமும் லேசானதல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, நுண்ணிய தனிப்பட்ட தரவைக் கவனக்குறைவாகக் கையாளும் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நோக்கம் முடிந்த பிறகு தரவை அழித்துவிட வேண்டும் என்பது அதில் கடமையாகவே வைக்கப்பட்டுள்ளது. எனவே ஒவ்வொரு டிஸ்க்கின் வரிசை எண், அழித்த முறை, தேதி, செய்தவரின் கையொப்பம் ஆகியவற்றை ஒரு தாளில் பதிந்து கோப்பில் வையுங்கள். நாளை யாராவது கேட்டால் வாய்மொழியாகச் சொல்வது எடுபடாது.

செம்பூர் கணக்கர்:

நன்றி, அம்மா. டேலி உரிமம் எனக்குத் தோன்றவே இல்லை. எஸ்எஸ்டிகளுக்கும் இதே கிளீன் ஆல் போதுமா?

லேமிங்டன் பட்டறை:

நடைமுறையில் போதும் என்பது என் கருத்து. பூஜ்யம் நிரப்பிய எஸ்எஸ்டியில் என் மீட்பு நிரல்களுக்கு எதுவுமே அகப்படுவதில்லை.

பவாய் பிட் நோக்கி:

இந்த இடத்தில் நான் உடன்பட மாட்டேன். உங்கள் நிரல் கேட்பது எஸ்எஸ்டியின் கட்டுப்பாட்டுச் சில்லை. அது காட்ட விரும்புவதை மட்டுமே உங்களுக்குக் காட்டும்.

சுழலும் டிஸ்க்கில் 5,000-ஆவது செக்டாரில் எழுதுங்கள் என்றால், அந்த செக்டார் பழுதாகி மாற்றப்பட்டிருந்தாலொழிய, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் எழுதப்படும். ஃபிளாஷ் நினைவகத்தில் இருந்த இடத்திலேயே மேலெழுத முடியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்த பிறகுதான் மறுபடி எழுதலாம், ஒவ்வொரு தொகுதிக்கும் அழிப்புகளின் எண்ணிக்கையில் வரம்பும் உண்டு. தேய்மானம் எல்லாத் தொகுதிகளுக்கும் சமமாகப் பரவ வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுச் சில்லு, நீங்கள் 5,000-ஆவது செக்டாரில் எழுதியதாக நினைக்கும் புதிய தரவை வேறொரு தொகுதியில் எழுதிவிட்டு, பழையதைச் செல்லாதது என்று குறித்துக்கொள்கிறது. மேலும், வெளியே காட்டும் கொள்ளளவைவிட அதிகமான நினைவகம் உள்ளே இருக்கிறது. அந்த உபரிப் பகுதியை எந்த மேலெழுதும் நிரலாலும் பெயர் சொல்லி அழைக்க முடியாது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2011-இல் இதைச் சோதித்தார்கள். சில்லுகளிலிருந்து நேரடியாகப் படித்துப் பார்த்ததில், முழு எஸ்எஸ்டியையும் இருமுறை மேலெழுதுவது பெரும்பாலும் போதுமானது, ஆனால் எப்போதும் அல்ல என்று கண்டார்கள். தனியொரு கோப்பை மட்டும் மேலெழுதி அழிக்கும் முறைகள் எஸ்எஸ்டியில் வேலை செய்யவில்லை. எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் அழிப்புக் கட்டளையையும் பார்த்தார்கள். ஒரு டிஸ்க் 'முடிந்தது' என்று பதில் சொல்லிவிட்டுத் தரவை அப்படியே வைத்திருந்ததும் அந்த ஆய்வில் வெளிப்பட்டது. ஆகவே கட்டளையும் தேவை, சரிபார்ப்பும் தேவை.

டோம்பிவிலி ரயில்:

அப்படியானால் டிரிம் என்கிறார்களே, அது எதற்கு?

பவாய் பிட் நோக்கி:

இந்தப் பகுதி இனி எனக்கு வேண்டாம் என்று இயங்குதளம் எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பதுதான் டிரிம். ஃபார்மட் செய்யும்போது விண்டோஸ் இதை அனுப்புவதால், அதன் பிறகு படித்தால் பெரும்பாலான எஸ்எஸ்டிகள் பூஜ்யத்தையே தரும்; பட்டறைக்காரருக்கு எதுவும் அகப்படாததற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் கணினியில் நீங்களே மறுபடி இயங்குதளத்தை நிறுவி நீங்களே பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஏன், அந்த நிலையில் சுழலும் டிஸ்க்குக்குக்கூட முழு அழிப்பு தேவையில்லை. டிஸ்க் கைமாறும்போதுதான் இந்த விவாதத்துக்கே அவசியம் வருகிறது.

செம்பூர் ஐயாவின் சாட்டா எஸ்எஸ்டிகளுக்கு ஏடிஏ செக்யூர் இரேஸ் என்ற கட்டளை உண்டு. லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து எச்டிபார்ம் நிரல் வழியாக அனுப்பலாம். முதலில் தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றை டிஸ்க்குக்கு இட்டு, பிறகு அழிக்கும்படி ஆணையிட வேண்டும். 'உறைந்துள்ளது' என்று டிஸ்க் மறுத்தால் பதற வேண்டாம். கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ்தான் பாதுகாப்புக்காக அதைப் பூட்டி வைக்கிறது. கணினியை உறக்க நிலைக்கு அனுப்பி எழுப்பினால் பெரும்பாலும் விடுபட்டுவிடும். யூஎஸ்பி உறையில் போட்டு இதைச் செய்யாதீர்கள். இடையில் மின்சாரம் போனால் டிஸ்க் அந்தக் கடவுச்சொல்லோடு பூட்டியே நிற்கும் என்பதால், அதை எளிதாக வைத்து எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்விஎம்இ மடிக்கணினிக்கு என்விஎம்இ ஃபார்மட் கட்டளையில் பாதுகாப்பு அழிப்புக்கான தேர்வைச் சேர்த்துத் தர வேண்டும். டிஸ்க் ஏற்றுக்கொண்டால் சானிடைஸ் கட்டளை இன்னும் உத்தமம். மின்சாரம் போய் வந்தாலும் அது விட்ட வேலையைத் தொடரும். அலுவலகத்துக்கென்று விற்கப்படும் மடிக்கணினிகள் பலவற்றில் பயாஸ் பக்கத்திலேயே டிஸ்க்கை அழிக்கும் தேர்வு இருக்கிறது. முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.

முலுண்ட் தணிக்கை:

எங்கள் நிறுவனத்தில் முதல் நாளிலிருந்தே, சாவியில்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கை மறையாக்கம் செய்யும் விண்டோஸின் பிட்லாக்கரை இயக்கிவிடுகிறோம். சாவியை அழித்தால் தரவே அழிந்ததற்குச் சமம் என்று சொல்லப்படுகிறதே, அதை நம்பலாமா?

பவாய் பிட் நோக்கி:

முதல் நாளிலிருந்தே இருந்தால் நம்பலாம். உபரிப் பகுதியில் எஞ்சியிருப்பவையும் மறையாக்கம் செய்யப்பட்டவையாகவே இருக்கும். ஆனால் மூன்றாண்டு வெறுமனே பயன்படுத்திவிட்டு, விற்பதற்கு முந்தின நாள் பிட்லாக்கரை இயக்கினால், அதற்கு முன் ஒதுக்கப்பட்ட தொகுதிகளில் பழைய தரவு வெளிப்படையாகவே கிடக்க வாய்ப்புண்டு. மறையாக்கத்தை டிஸ்க்கின் வன்பொருளிடம் முழுதாக விட்டுவிடுவதும் நல்லதல்ல: 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல எஸ்எஸ்டிகளின் உள்மறையாக்கத்தில் ஓட்டைகளைக் காட்டிய பிறகு, பிட்லாக்கர் அடுத்த ஆண்டிலிருந்து இயல்பாக மென்பொருள் மறையாக்கத்தையே கையாளுகிறது. மறுபடி நிறுவுவதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவியின் அச்சுப் பிரதிகள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடக்கும் நகல் ஆகியவற்றையும் நீக்கிவிடுங்கள்.

லேமிங்டன் பட்டறை:

எஸ்எஸ்டி விஷயத்தில் பவாய் நண்பரின் வாதத்தை ஏற்கிறேன். சில்லைக் கழற்றிப் படிக்கும் வசதி எங்களைப் போன்ற கடைகளில் அரிது. ஆனால் வாடிக்கையாளரின் ஆவணம் என்னும்போது, அரிது என்ற சொல்லை நம்பிக் கொடுப்பதைவிடக் கட்டளையை ஓட்டிவிட்டுக் கொடுப்பது மேல். கட்டளை முடிந்ததும் ஃபோட்டோரெக்கை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு படம் வந்தாலும் வேலை முடியவில்லை என்று பொருள்.

டோம்பிவிலி ரயில்:

என் மடிக்கணினியில் வைரஸ் நுழைந்துவிட்டது. முழுவதும் அழித்துவிட்டு நிறுவினால் அது கட்டாயம் போய்விடுமா?

பவாய் பிட் நோக்கி:

டிஸ்க்கில் இருப்பது போய்விடும். மதர்போர்டின் ஃபார்ம்வேர் சில்லுக்குள் குடியேறும் வகை மிக அரிது. 2018-இல் வெளிப்பட்ட லோஜாக்ஸ் அத்தகையது, டிஸ்க்கை மாற்றினாலும் பிழைத்திருந்தது. சாதாரணப் பயனாளர் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. காப்பு எடுத்த கோப்புகளோடு வைரஸையும் திரும்ப ஏற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுபடி தொற்றுவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

தாராவி மாலை வகுப்பு:

செம்பூர் ஐயா குறிப்பிட்டவர் நான்தான். சுத்தியல் யோசனையை யாரும் வழிமொழியாததில் மகிழ்ச்சி. டிஸ்க் இல்லாத கணினி எங்களுக்கு வந்தால், டிஸ்க் வாங்கும் செலவு பிள்ளைகளின் பெற்றோர் மீதுதான் விழும். இப்படி முழுவதும் எழுதி அழிப்பதால் பழைய டிஸ்க்கின் ஆயுள் குறையுமா? நிறுவும்போது நாங்கள் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

லேமிங்டன் பட்டறை:

ஒரு சுற்றால் ஒன்றும் குறையாது. மாறாக அது நல்ல சோதனையாகவும் அமையும். அழிப்பதற்கு முன்னும் பின்னும், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் 5-ஆம், 197-ஆம் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, மாற்றப்பட்ட பழுது செக்டார்களின் எண்ணிக்கை. இரண்டாவது, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. முழுவதும் எழுதியதும் 197 பூஜ்யத்துக்கு இறங்கி, 5 ஏறாமல் நின்றால் அந்த டிஸ்க்கை வகுப்பில் பயன்படுத்தலாம். 5 மளமளவென்று ஏறினால் அதை வைத்துக்கொள்ளாதீர்கள். மாற்றப்பட்ட பழைய செக்டார்களை மேலெழுத முடியாது என்பதால், அத்தகைய டிஸ்க்கைச் செம்பூர் ஐயாவே திருப்பி எடுத்துக்கொள்வதும் முறை. சுத்தியலுக்கு உரியவை அவைதான். மடிக்கணினி டிஸ்க்கின் தட்டுகள் பெரும்பாலும் கண்ணாடி, ஓங்கி அடித்தால் நொறுங்கும். மேசைக் கணினியில் அலுமினியம், அதனால் டிரில் போட்டுத் தட்டுகளின் குறுக்கே துளையிட வேண்டும். பழுதான எஸ்எஸ்டி என்றால் ஒவ்வொரு கறுப்புச் சில்லும் உடைய வேண்டும். காந்தம் அதை ஒன்றும் செய்யாது. மிஞ்சுவதைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

நிறுவும்போது, முழுவதும் அழிந்த டிஸ்க்கில் பார்ட்டிஷன் அட்டவணையே இல்லை என்று நிறுவி சொல்லும், அது இயல்பு. பயாஸில் யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையை வைத்து, ஜிபிடி வகைப் பார்ட்டிஷன் அட்டவணையைத் தேர்ந்தெடுத்தால் பூட் பார்ட்டிஷனை நிறுவியே அமைத்துக்கொள்ளும். 4 ஜிபி ரேம் மட்டும் உள்ள கணினிகளில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். பிள்ளைகள் தமிழில் தட்டுவதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்கலாம். அதற்கான எம்17என் தொகுப்பைத் தனியாக நிறுவினால்தான் அது பட்டியலில் தெரியும்.